விரிசலுக்கும் வட்டி உண்டு!

சேலத்தில் இருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இருக்கிறது ஆட்டையாம்பட்டி. ஊர்ப் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கைமுறுக்குதான். ஆனால் அந்தச் சாலை ஓரமாகப் பத்து நிமிடம் நின்று பார்த்தால் வேறு ஒரு தொழிலும் கண்ணில் படும். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள், சங்ககிரி லாரிகள், நாமக்கல்லில் பாடி கட்டிய லாரிகள், டேங்கர்கள் என்று இந்த வட்டாரமே கனரக வண்டிகளை நம்பிப் பிழைக்கிறது. இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. அதுதான் வெல்டிங். ரிக்கின் உயரமான மாஸ்ட் ஆகட்டும், டேங்கரின் தொட்டி ஆகட்டும், இரும்பை இரும்போடு ஒட்ட வைப்பது அந்தப் பற்றவைப்புதான்.

இத்தனை கனமான இரும்பு ஏன் திடீரென்று ஒரு நாள் உடைகிறது? எப்போது உடையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடி மனிதர்கள் சுமார் 180 வருடங்களாக அலைந்திருக்கிறார்கள். இன்று அந்தக் கணக்கைக் கணினி போடுகிறது. ஆனால் கணினியால் கண்டுபிடிக்க முடியாத ஒரு எண் அதில் இன்னமும் இருக்கிறது. அது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

முறுக்கும் கம்பியும்

முறுக்கை எடுத்து அழுத்துங்கள். ஒரே அழுத்தில் ‘படக்’ என்று உடையும். இப்போது ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து வளையுங்கள். உடையாது. திரும்ப நேராக்குங்கள், மறுபடி வளையுங்கள். பத்து இருபது தடவை இப்படிச் செய்தால் கம்பி தானாகவே இரண்டாகிவிடும். கடைசித் தடவை நீங்கள் அதிக பலம் கொடுக்கவில்லை. முதல் தடவை கொடுத்த அதே பலம்தான். ஆனால் முதல் தடவை தாங்கிய கம்பி இருபதாவது தடவை தாங்கவில்லை.

இதற்குப் பெயர்தான் உலோகக் களைப்பு. ஒரு பொருள் ஒரே தடவையில் தாங்கக்கூடிய சுமையை விட மிகக் குறைந்த சுமை, லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் அதுவே பொருளை உடைத்துவிடும். லாரி ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்கும்போது சேஸில் நடப்பது இதுதான். ரிக் வண்டி பாறையைக் குடையும்போது அதன் மாஸ்ட் அதிர்வதும் இதுவேதான். என்ன, கம்பிக்கு இருபது தடவை, சேஸுக்கு இருபது லட்சம் தடவை!

ரயில் அச்சில் தொடங்கிய கதை

1842 மே 8ஆம் தேதி. பிரான்சில் வெர்சாய் நகரில் விழா பார்த்துவிட்டு பாரிஸ் திரும்பிய கூட்டத்தோடு ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. மெதோன் என்ற இடத்தில் எஞ்சினின் அச்சு உடைந்தது. பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலகைச் சுற்றி வந்த பிரெஞ்சு கடலோடி துய்மோன் துர்வில் குடும்பத்தோடு அதில் மாண்டு போனார்.

அதுவரை நன்றாக ஓடிய அச்சு ஏன் உடைந்தது என்று யாருக்கும் புரியவில்லை. அடுத்த வருடமே ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின், அச்சில் அளவு திடீரென்று மாறும் மூலைகளில் இருந்துதான் உடைவு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது என்று எழுதினார். மூலைகளை வளைவாக்குங்கள் என்றார்.

இதை முறையான ஆராய்ச்சி ஆக்கியவர் ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர். பிரஷ்ய ரயில்வேயில் வேலை பார்த்த பொறியாளர். 1850களின் கடைசியில் தொடங்கி 1870 வரை அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி உடைத்துப் பார்த்தார். எவ்வளவு சுமைக்கு எத்தனை சுழற்சி தாங்கும் என்று அட்டவணை போட்டார். சுமையின் உச்ச அளவை விட, அது எவ்வளவு ஏறி எவ்வளவு இறங்குகிறது என்ற வித்தியாசம்தான் முக்கியம் என்பது அவர் கண்டது.

அடுத்து வந்தது ஒரு பேரேட்டுக் கணக்கு. ஸ்வீடனின் பாம்கிரென் 1924லும், அமெரிக்காவில் டக்ளஸ் விமான நிறுவனத்தின் மைனர் 1945லும் ஒரே யோசனையைச் சொன்னார்கள். ஒரு பொருளுக்கு இந்தச் சுமையில் மொத்தம் 10 லட்சம் சுழற்சி ஆயுள் என்றால், 1 லட்சம் சுழற்சி ஓடியதும் பத்தில் ஒரு பங்கு செலவு என்று எழுதிக்கொள். வேறு சுமையில் ஓடியதை அதற்குரிய பங்காக எழுது. எல்லாம் சேர்ந்து ஒன்று ஆனால் ஆயுள் முடிந்தது. வணிகவியல் படித்தவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான கணக்கு, தேய்மானம்!

இந்த முறை இன்றும் பயன்படுகிறது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. விரிசல் எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், நாளைக்கு எவ்வளவு வளரும் என்ற எதுவும் பேரேட்டில் கிடையாது.

ரிவெட் போய் வெல்டிங் வந்தது

இந்த இடத்தில் இரண்டாம் உலகப் போர் குறுக்கிடுகிறது. அதற்கு முன்பு கப்பலும் பாலமும் பெரும்பாலும் ரிவெட் அடித்துத்தான் கட்டப்பட்டன. தகடு தனி, தகடு தனி, நடுவில் ஆணி. ஒரு தகட்டில் விரிசல் விழுந்தால் அதன் ஓரத்தோடு நின்றுவிடும், பக்கத்துத் தகட்டுக்குத் தாண்டாது. போர்க்காலத்தில் அமெரிக்கா 2,700க்கும் மேற்பட்ட லிபர்ட்டி கப்பல்களை அவசர அவசரமாகக் கட்டியபோது ரிவெட்டுக்கு நேரமில்லை. எல்லாம் வெல்டிங். கப்பல் முழுவதும் ஒரே துண்டு இரும்பு மாதிரி ஆனது. விரிசலுக்கும் ராஜபாட்டை கிடைத்தது!

1943 ஜனவரி 16. இதே போல வெல்டிங்கில் கட்டிய ஷெனக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், போர்ட்லாந்து துறைமுகத்தில் அமைதியான நீரில் நின்றபடியே நடுவில் இரண்டாகப் பிளந்தது. குளிரில் சில வகை எஃகு முறுக்கு மாதிரி நொறுங்கும் தன்மை பெறுகிறது என்பதைக் கேம்பிரிட்ஜின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி நிரூபித்தார். இது களைப்பால் வந்த உடைவு அல்ல. ஆனாலும் பொறியாளர்களின் பார்வையை மாற்றியது இதுதான். சுமை என்ன என்று மட்டும் கேட்டால் போதாது, விரிசல் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்தது.

விரிசலைக் கணக்குக்குள் கொண்டு வரும் வழியை இங்கிலாந்தின் கிரிஃபித் 1920களின் தொடக்கத்திலேயே கண்ணாடியை வைத்துக் காட்டியிருந்தார். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் இர்வின் 1957ல் அதை உலோகத்துக்கு ஏற்றபடி மாற்றினார். விரிசலின் முனையில் எவ்வளவு நெருக்கடி என்பதை ஒரே எண்ணில் சொல்லும் முறை அது. சுமை கூடினால் அந்த எண் கூடும். விரிசல் நீண்டாலும் கூடும், நீளத்தின் வர்க்கமூலம் அளவுக்கு.

வட்டி விகிதம் கண்டுபிடித்தவர்

இர்வினின் எண்ணை எடுத்துக்கொண்டு அடுத்த அடி வைத்தவர் பால் பாரிஸ். போயிங் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர். ஒவ்வொரு சுழற்சிக்கும் விரிசல் எவ்வளவு வளர்கிறது என்பதை அந்த முனை நெருக்கடியின் ஏற்ற இறக்கம் தீர்மானிக்கிறது என்றார் அவர். 1961ல் எழுதிய அந்தக் கட்டுரையை முன்னணி இதழ்கள் ஏற்க மறுத்தன. கடைசியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு பத்திரிகையில் வெளியானது. இன்று உலகம் முழுவதும் களைப்பு விரிசல் கணக்கு என்றால் பாரிஸ் விதிதான்.

விதி சொல்வது எளிமையானது. நெருக்கடியின் ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால், சாதாரண எஃகில் விரிசல் வளரும் வேகம் சுமார் எட்டு மடங்காகும். அதாவது மூன்றின் அடுக்கு. விரிசல் நீண்டால் நெருக்கடி கூடுகிறது, நெருக்கடி கூடினால் விரிசல் இன்னும் வேகமாக நீள்கிறது. அசல் கூடினால் வட்டி கூடும், வட்டி சேர்ந்தால் அசல் கூடும். கூட்டு வட்டிதானே இது?

இல்லை, அதை விட மோசம்! கூட்டு வட்டியில் பணம் நாலு மடங்காக ஒவ்வொரு முறையும் ஒரே காலம்தான் ஆகும். விரிசலில் அசல் பெருகப் பெருக வட்டி விகிதமே ஏறுகிறது. மீட்டர் வட்டி மாதிரி. பாரிஸ் விதியை எளிமையான வடிவத்தில் போட்டுப் பார்த்தால் இப்படி வரும்.

கால் மில்லிமீட்டர் விரிசல் 1 மில்லிமீட்டர் ஆக 4 வருடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.
1 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் ஆக 2 வருடம்.
4 மில்லிமீட்டர், 16 மில்லிமீட்டர் ஆக 1 வருடம்தான்.

மொத்த ஆயுள் 7 வருடம் என்றால், அதில் முதல் 4 வருடம் கண்ணுக்கே தெரியாத விரிசலில் கழிகிறது. கண்ணுக்குத் தெரியும் அளவு வந்தபோது மீதி இருப்பது கொஞ்ச காலம். ‘நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு’ என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுதான்.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. விரிசல் கால் மில்லிமீட்டரில் தொடங்காமல் 1 மில்லிமீட்டரில் தொடங்கினால்? ஆயுள் 7 வருடம் அல்ல, 3 வருடம்! முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசம் பாதிக்கும் மேலான ஆயுளைத் தின்றுவிடுகிறது. ஆகவே இந்தக் கணக்கில் ரொம்ப முக்கியமான எண் ஆரம்ப இருப்புதான்.

ஆரம்ப இருப்பு பூஜ்யம் அல்ல

1969 டிசம்பரில் அமெரிக்க விமானப்படையின் எஃப்-111 போர் விமானம் ஒன்று, சுமார் 100 மணி நேரமே பறந்திருந்த நிலையில் இறக்கை கழன்று விழுந்தது. இறக்கை இணைப்பு எஃகில் தயாரிப்பின்போதே ஒரு குறை இருந்திருக்கிறது, பரிசோதனையில் தப்பிவிட்டது. அதன் பிறகு 1974ல் அமெரிக்க விமானப்படை தன் விதியையே மாற்றியது. புது விமானம் என்றாலும் விரிசல் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முக்கியமான இடங்களில் முதல் நாளே சுமார் 1.27 மில்லிமீட்டர் விரிசல் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடு என்றது.

வெல்டிங்குக்கு இந்த விதி இன்னும் அதிகமாகப் பொருந்தும். வெல்டிங் மேடும் தகடும் சந்திக்கும் அந்த ஓரத்தில், நுண்ணிய கசடுத் துணுக்குகளும் பள்ளங்களும் எப்போதும் இருக்கும். நல்ல வெல்டர் போட்டாலும் கொஞ்சம் இருக்கும். எனவே வெல்டிங் இணைப்பில் விரிசல் பிறப்பதற்கு என்று தனியாகக் காலம் பெரிதாகத் தேவையில்லை. ஏறக்குறைய முதல் நாளில் இருந்தே அது வளரத் தொடங்கிவிடுகிறது.

இதனால் ஒரு ஆச்சரியமான விளைவு. விலை அதிகமான உயர் பலம் கொண்ட எஃகை வாங்கிப் போட்டால் களைப்பு ஆயுள் கூடுமா? வெறும் தகட்டில் கூடும். வெல்டிங் போட்டபடியே விட்டுவிட்டால் கூடாது! விரிசல் வளரும் வேகம் எல்லா எஃகுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வெல்டிங் ஆறும்போது உள்ளே இறுகி நிற்கும் இழுவிசையும் விரிசலை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறது.

பெயிண்ட் சொன்ன சாட்சி

1980 மார்ச் 27ஆம் தேதி மாலை. வட கடலில், நார்வேயின் எண்ணெய் வயலில், அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் மேடை நின்றிருந்தது. எண்ணெய் எடுக்கும் தொழிலாளர்கள் தங்கும் இடமாக அது பயன்பட்டது. அன்று புயல் காற்று. மேடையில் 212 பேர். ஐந்து கால்களில் ஒன்றைப் பிடித்திருந்த தாங்கு குழாய் ஒன்று உடைந்தது. அதன் சுமை மற்ற குழாய்களுக்குப் போக, அவையும் வரிசையாக உடைந்தன. காலே கழன்று போனது. சுமார் 20 நிமிடத்தில் மேடை கவிழ்ந்தது. 123 பேர் இறந்தார்கள்.

விசாரணையில் தெரிந்தது இது. அந்தத் தாங்கு குழாயில் ஒரு ஒலிவாங்கிக் கருவியைப் பொருத்த ஒரு சின்னக் குழாய்த் துண்டை வைத்து 6 மில்லிமீட்டர் அளவில் வெல்டிங் போட்டிருந்தார்கள். அது எந்தச் சுமையையும் தாங்கும் பாகம் அல்ல, வெறும் துணைக்கருவி மாட்டும் இடம். ஆகவே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வெல்டிங்கில் தொடங்கிய விரிசல்தான் அலைக்கு அலை வளர்ந்து குழாயைச் சுற்றி வந்தது.

உடைந்த பரப்பை ஆராய்ந்தபோது விரிசலின் ஒரு பகுதியில் பெயிண்ட் இருந்தது! விரிசலுக்கு உள்ளே பெயிண்ட் எப்படி வரும்? மேடைக்கு பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே விரிசல் அங்கே இருந்திருக்க வேண்டும். அதாவது 1976ல் பிரான்சின் டன்கிர்க் தளத்தை விட்டுக் கடலுக்குப் புறப்பட்ட நாளிலேயே அந்த ஆரம்ப இருப்பு கணக்கில் இருந்தது. யாரும் அதைப் பேரேட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

கடலில் 10 விநாடிக்கு ஒரு அலை என்று வைத்தால்கூட வருடத்துக்கு 31 லட்சத்துக்கும் மேற்பட்ட அலைகள். ஒவ்வொன்றும் ஒரு வட்டித் தவணை.

கணினி என்ன செய்கிறது?

பாரிஸ் விதி சுலபம். ஆனால் விரிசல் முனையின் நெருக்கடியை எப்படிக் கண்டுபிடிப்பது? நேரான தகடு என்றால் சூத்திரம் இருக்கிறது. மூன்று குழாய்கள் சாய்வாகச் சேரும் இடத்துக்கு, நடுவில் மேடு பள்ளமான வெல்டிங்குக்கு, எந்தச் சூத்திரமும் கிடையாது. இங்கேதான் கணினி உள்ளே வருகிறது.

1956ல் டர்னர், கிளஃப் முதலியோர் விமான இறக்கையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். 1960ல் கிளஃப் அதற்குச் ‘சிறுகூறு முறை’ என்ற பொருளில் பெயர் வைத்தார். பெரிய பொருளை ஆயிரக்கணக்கான குட்டிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றும் பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு இழுக்கிறது, தள்ளுகிறது என்று சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் கணினியில் ஒன்றாகத் தீர்ப்பதுதான் இது.

விரிசல் சிமுலேஷன் இதன் மேல் கட்டப்பட்டது. முதலில் இணைப்பைக் கட்டங்களாக வரைய வேண்டும், வெல்டிங் ஓரத்தில் மிகப் பொடிக் கட்டங்கள். அங்கே ஒரு சின்ன விரிசலை வைக்க வேண்டும். முனை நெருக்கடியைக் கணினி சொல்லும். பாரிஸ் விதிப்படி அடுத்த சில ஆயிரம் சுழற்சிகளில் விரிசல் எவ்வளவு நீளும், எந்தத் திசையில் திரும்பும் என்று பார்த்து விரிசலை அந்த அளவு நீட்ட வேண்டும். பிறகு மறுபடி கட்டம் போட்டு, மறுபடி கணக்கு. இப்படி நூற்றுக்கணக்கான படிகள்.

ஒவ்வொரு படியிலும் கட்டங்களை அழித்து அழித்துப் போடுவதுதான் பெரிய தலைவலி. 1999ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பெலிச்கோவும் அவர் குழுவினரும் அதற்கு மருந்து கண்டுபிடித்தார்கள். கட்டங்களை மாற்றாமலே விரிசல் அவற்றின் நடுவே புகுந்து போகும்படி கணக்கை விரிவாக்கினார்கள். பத்து வருடத்துக்குள் அது விற்பனைக்கு வரும் மென்பொருள்களிலும் சேர்ந்துவிட்டது.

படம் அழகாக இருக்கும். சிவப்பும் நீலமுமாக விரிசல் வளர்வது திரையில் தெரியும். ஆனால் முதல் படியைக் கவனியுங்கள். ‘ஒரு சின்ன விரிசலை வைக்க வேண்டும்’. எவ்வளவு சின்னது? அதைக் கணினி சொல்லாது. நாம்தான் கொடுக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் என்று கொடுத்தால் 7 வருடம் என்று சொல்லும். 1 மில்லிமீட்டர் என்று கொடுத்தால் 3 வருடம் என்று சொல்லும். இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு சொல்லும்!

திருச்சியும் தரமணியும்

அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வரும்? பட்டறையில் இருந்தும் சோதனைக்கூடத்தில் இருந்தும்தான். இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு.

திருச்சி பெல் தொழிற்சாலையில் 1975ல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. வெல்டிங்கை எப்படிக் குறையில்லாமல் போடுவது, போட்டதை எப்படிச் சோதிப்பது என்பது அவர்கள் வேலை. அதாவது ஆரம்ப இருப்பைக் குறைக்கும் வேலை.

சென்னை தரமணியில் இருப்பது கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம். 1965ல் ரூர்க்கியில் தொடங்கி பிறகு சென்னைக்கு வந்த மத்திய அரசு நிறுவனம். பம்பாய் ஹை கடற்பகுதியில் 1974ல் எண்ணெய் கிடைத்த பிறகு இந்தியாவும் கடலில் எஃகு மேடைகளை நிறுத்த வேண்டி வந்தது. எல்லாம் குழாயோடு குழாய் வெல்டிங் போட்ட இணைப்புகள். தரமணி ஆய்வாளர்கள் பெரிய அளவிலான குழாய் இணைப்புகளை எடுத்து, கடல்நீர் சூழ்ந்த நிலையிலும் லட்சக்கணக்கான முறை சுமை ஏற்றி இறக்கி, விரிசல் எங்கே வருகிறது, எப்படி வளர்கிறது என்று அளந்தார்கள்.

அதே கூடத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து இன்னொரு வேலையும் நடந்தது. கல்பாக்கத்தில் இருப்பது போன்ற கனநீர் அணு உலைகளுக்கான எஃகுக் குழாய்கள் பற்றியது அது. சுமார் 200 முதல் 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள முழு அளவுக் குழாய்களிலும் வெல்டிங் போட்ட குழாய்களிலும் வேண்டுமென்றே ஒரு வெட்டுப் போட்டு, அது விரிசலாகி வளர்வதை அளந்தார்கள். கையளவு மாதிரித் துண்டுகளில் கிடைத்த பாரிஸ் விதி எண்களை வைத்துக் கணக்கிட்டு, அது பெரிய குழாயோடு பொருந்துகிறதா என்று ஒப்பிட்டார்கள். நோக்கம் என்ன தெரியுமா? குழாய் என்றாவது விரிசல் விட்டால் முதலில் கசிய வேண்டும், கசிவைப் பார்த்து உலையை நிறுத்த நேரம் இருக்க வேண்டும், அதற்குப் பிறகும் உடையக் கூடாது.

ராமேஸ்வரத்தில் இந்த மாற்றம் கண் முன்னால் நிற்கிறது. 1914ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் ரிவெட் காலத்துப் பாலம். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6ல் திறந்த புதிய பாலம், 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியோடு, முழுவதும் வெல்டிங் இணைப்புகள் கொண்டது. உப்புக் காற்று, அலை, ரயில் மூன்றும் சேரும் இடம். இப்படிப்பட்ட பாலத்தில் வெல்டிங்கைக் கட்டும்போது சோதிப்பது எவ்வளவு முக்கியமோ, கட்டிய பிறகு தவணை தவறாமல் பார்ப்பதும் அவ்வளவு முக்கியம்.

பட்டறைக்கு என்ன பயன்?

ஆட்டையாம்பட்டி சாலையில் ஓடும் லாரிக்கு யாரும் சிறுகூறுக் கணக்கு போடப் போவதில்லை. ஆனால் 180 வருடக் கணக்கு சொல்லும் பாடங்கள் ஒரு வெல்டிங் பட்டறைக்கும் பொருந்தும்.

ஒன்று, அதிக லோடு. சுமை 25 சதவீதம் கூடினால், அதே அளவுக்குச் சேஸின் நெருக்கடியும் கூடுவதாக எடுத்துக்கொண்டால், விரிசல் வளரும் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆயுள் பாதி. கூடுதல் வாடகையை வரவில் எழுதும் முதலாளி, பாதி ஆயுளைச் செலவில் எழுதுவதில்லை. உடைந்தால் அந்தச் செலவை முதலில் கட்டுபவர் ஸ்டியரிங் பிடித்திருப்பவர்.

இரண்டு, துணை வெல்டிங். கொக்கி மாட்ட, பெட்டி மாட்ட, கம்பி கட்ட என்று சேஸிலோ மாஸ்டிலோ நினைத்த இடத்தில் ஒரு ‘டக்’ வைப்பது. சுமை தாங்காத அந்தச் சின்ன வெல்டிங்தான் கீலாண்ட் மேடையைக் கவிழ்த்தது.

மூன்று, கிரைண்டர். வெல்டிங் ஓரத்தை முறையாக வழவழப்பாக இழைத்தால் ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் கூடும் என்று சர்வதேச வெல்டிங் நிறுவனத்தின் பரிந்துரைகளே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. காரணம் ஒன்றுதான், ஆரம்ப இருப்பு குறைகிறது. விரிசலின் முனையில் ட்ரில் போட்டு ஓட்டை செய்து நிறுத்தும் பட்டறைப் பழக்கத்திலும் இதே அறிவியல் இருக்கிறது. கூரான முனை உருண்டையாகும்போது அங்கே நெருக்கடி குறைகிறது. ஆனால் அது தற்காலிக நிறுத்தம்தான், கடன் தள்ளுபடி அல்ல.

நாலாவது, தவணை. மேலே சொன்ன 7 வருடக் கணக்கில், 4 மில்லிமீட்டருக்கு மேல்தான் கண்ணில் படும் என்றால், பட்ட நாளில் இருந்து மீதி 1 வருடம். வருடம் ஒரு முறை மட்டும் பார்ப்பவருக்கு அதிகபட்சம் ஒரே ஒரு வாய்ப்பு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பவருக்கு இரண்டாவது வாய்ப்பும் கிடைக்கும். சிமுலேஷன் தரும் உண்மையான பதில் இதுதான். எந்தத் தேதியில் உடையும் என்று அது சொல்வதில்லை. எத்தனை நாளுக்கு ஒரு முறை குனிந்து பார்க்க வேண்டும் என்று சொல்கிறது.

தணிக்கையாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஆரம்ப இருப்பைத் தப்பாக எழுதிய பேரேட்டில் இருந்து சரியான இறுதி இருப்பைக் கொண்டு வர முடியாது. கணினியும் அப்படித்தான். அந்த முதல் வரியை எழுதுவது, கையில் ஹோல்டரோடு வெயிலில் உட்கார்ந்திருக்கும் வெல்டரும், பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் டார்ச் பிடித்துப் பார்க்கும் பரிசோதகரும்தான். அவர்களுக்குக் கொடுக்கும் கூடுதல் அரை மணி நேரத்தைவிட மலிவான காப்பீடு வேறு எதுவும் இல்லை.